சாப்பிடவே இல்லீங்க

இன்று மதியம் ஆசிரியர் அறையில் கணக்கு டீச்சர் ஒரு எவர்சில்வர் டப்பாவைத் திறந்தார். நெய்யில் ஊறிய திரி கருகிய வாசனையும் வெல்லத்தின் வாசனையும் சேர்ந்து மேசை முழுக்கப் பரவின. அவர்கள் ஊர் மாரியம்மனுக்கு நேற்று மாவிளக்கு எடுத்திருக்கிறார்கள். "எடுத்துக்கங்க டீச்சர், அம்மன் பிரசாதம்" என்று ஓர் உருண்டையை என் கையில் வைத்தார். நான் அப்போது ஆறாம் வகுப்புக்காக, இங்கிலீஷில் 'ஈட்' என்ற சொல்லுக்கு வேறு என்னென்ன சொற்கள் உண்டு என்று எழுதிக்கொண்டிருந்தேன். மன்ச், நிபிள், டைன், டிவவர் என்று வந்துவிட்டேன். உருண்டையை வாயில் போட்டதும் பேனா நின்றுவிட்டது. உன் குரல்தான் கேட்டது. "வாயில என்னங்க போட்டீங்க?"

அதற்கப்புறம் ஒரு சொல்லும் ஓடவில்லை. அதனால்தான் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். எந்த விலாசத்துக்கு அனுப்புவாய் என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

நம்முடைய சிநேகிதம் பஸ்ஸில் பிறந்தது. சங்ககிரியில் நான் ஏறி, பக்கத்து சீட்டில் பையை வைத்து, மகுடஞ்சாவடியில் நீ ஏறும்வரை அதைக் காப்பாற்ற வேண்டும். அது லேசுப்பட்ட வேலை இல்லை. நின்றுகொண்டு வருகிறவர்கள் பையையும் என்னையும் மாறி மாறி முறைப்பார்கள். "ஆளு வருதுங்க" என்று நான் சொன்னால், "எந்த வருசம் வருதுங்க?" என்று கண்டக்டரே கேட்பார். கொண்டலாம்பட்டியில் நான் பள்ளிக்கூடத்துக்கு இறங்கிவிடுவேன். நீ சேலத்துக்குள் உன் ஆஸ்பத்திரிக்குப் போவாய். அந்தச் சின்னத் தூரத்துக்குள் நாம் பேசியதை ஏற்றினால் ஒரு லாரி கொள்ளாது.

ஏறி உட்கார்ந்ததும் உன் முதல் கேள்வி, "சோறு உண்டாச்சா டீச்சரே?" விடிந்ததும் விடியாததுமாக எவள் சோறு உண்பாள்? "இட்லி" என்பேன். "அப்ப சோறு உங்கல. பலகாரம் தின்னிருக்கற" என்பாய், ஏதோ ரிஜிஸ்டரில் பதிவு செய்கிற மாதிரி. எனக்கு எரிச்சலாக வரும். நான் ஊரார் பிள்ளைகளின் சொல்லைத் திருத்திச் சம்பளம் வாங்குகிறவள். என் இட்லியைத் திருத்த நீ யார் என்று கேட்பேன். நீ பையிலிருந்து பொரியை எடுத்து நீட்டி, "கொறி. கோவம் போயிரும்" என்பாய்.

அது உன் தொழில் வியாதி என்று பிறகுதான் புரிந்தது. ஆபரேஷனுக்குப் போகிறவர்களைத் தயார் செய்து தியேட்டருக்குள் அனுப்புவது உன் வேலை. உடை மாற்றி, நகை கழற்றி, கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்: எப்போது சாப்பிட்டீர்கள்? மயக்க மருந்து கொடுக்கும்போது வயிறு காலியாக இருக்க வேண்டுமாம். "வயித்துல கெடக்கறது மேல ஏறி மூச்சுக்கொழாய்க்குள்ள எறங்கிருச்சுன்னா அப்பறம் ஆளக் காப்பாத்தறது பெரும்பாடு" என்று நீ ஒருமுறை சொன்னாய். பொரியை மெல்லுவதை நிறுத்திவிட்டுச் சொன்னாய், அதனால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஆனால் நம் ஆட்களிடம் அந்தக் கேள்விக்கு நேர் பதில் வாங்க முடியுமா? நமக்குச் சாப்பாடு என்றால் சோறுதான். சோறு உள்ளே போகாதவரை வேறு எது போனாலும் சாப்பிடாத கணக்குத்தான். மேட்டூரிலிருந்து வந்த மீன்காரர் ஒருவர் சொம்பு நிறையக் கம்மங்கூழ் குடித்துவிட்டு, "சாப்பிடவே இல்லீங்க" என்றிருக்கிறார். வாழப்பாடிப் பக்கத்து அம்மா ஒருத்தி, "ரெண்டு பழம் துன்னேம்மா, சாப்பாடு எங்க சாப்ட்டேன்?" என்று உன்னிடமே திருப்பிக் கேட்டிருக்கிறாள். போர் போடுகிற ரிக் லாரியில் வேலை பார்க்கும் பையன் ஒருவனுக்கு டீயில் நனைத்த பன் கணக்கிலேயே வரவில்லை. அவனைப் பொறுத்தவரை அது டீயைச் சேர்ந்தது. "ஒருத்தருங்கூடப் பொய் சொல்லறதில்ல டீச்சரே. அதுதான் எனக்குப் பயமா இருக்குது" என்பாய்.

அதனால் நீ உன் கேள்வியை நீட்டிக்கொண்டே போனாய். அதை ஒருநாள் பஸ்ஸிலேயே எனக்குச் சொல்லிக் காட்டினாய். "சோறு உண்டீங்களா, பலகாரம் தின்னீங்களா, கூழு கஞ்சி குடிச்சீங்களா, எதையாச்சும் கொறிச்சீங்களா, கடிச்சீங்களா, சப்புனீங்களா, நக்குனீங்களா, வெத்தலை போட்டீங்களா, வாயில என்னதாங்க போட்டீங்க?" மூச்சு விடாமல் சொன்னாய். முன்சீட்டுப் பெரியவர் திரும்பி, "ஏனுங்க சிஸ்டரு, இத்தனைக்கும் இல்லீன்னு சொல்றவன் பட்டினியிலயே போயிருவானுங்களே" என்றார். பஸ்ஸே சிரித்தது. நீ மட்டும் சிரிக்காமல், "போன வாரம் இத்தனைக்கும் இல்லீன்னு சொல்லிப்போட்டு ஒருத்தர் வாயில பாக்கு வெச்சிருந்தாருங்க" என்றாய்.

இங்கிலீஷ்காரன் மேல் உனக்கு ஏக இளக்காரம். எலிக்கும் ஈட், துரைக்கும் ஈட்டா என்று கேட்டாய். என் மானம் போகிற விஷயம், சும்மா இருப்பேனா? எலிக்கு நிபிள், துரைக்கு டைன், பசித்த புலிக்கு டிவவர், மாத்திரைக்கு ஸ்வாலோ, அரசாங்கக் கடிதத்தில் எழுதினால் கன்ஸ்யூம் என்று அடுக்கினேன். "துருவுக்கு?" என்றாய். துரு இரும்பைத் தின்பதற்கும் ஈட்தான் என்றேன். இதில் நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. என் வீட்டுக்காரருக்கு லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை. அங்கே நின்று கேட்டால் தெரியும், ஒரு வண்டி டீசல் குடிக்கும், இன்னொன்று ஒரு பக்கமாக டயரைத் தின்னும். "செரி, இரும்பைத் துரு திங்குது, டயரை ரோடு திங்குது. உங்கூட்டுக்காரர?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் என்னையே விரலால் காட்டினாய்.

சாயங்காலம் எனக்குச் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை வாங்குகிற வேலை இருந்தால் உனக்குக் கொண்டாட்டம். வண்டிக்கடை முன் நின்று, "ரெண்டு செட்டு போடலாமா?" என்பாய். தட்டுவடை செட்டைச் சாப்பிடலாமா என்று சேலத்தில் யாரும் கேட்பதில்லை என்று நீதான் எனக்குச் சுட்டிக்காட்டினாய். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட்டும் கேரட்டும் சட்னியும் ஒழுக ஒழுக, ஒரே வாயில் முழுசாகப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவாய். அப்போது உன்னிடம் எதைக் கேட்டாலும் பதில் வராது. ஆட்டோக்காரன் ஹார்ன் அடித்தாலும் நகரமாட்டாய்.

இப்படியே சிரித்துக்கொண்டு காலம் போயிருக்கும். என் வீட்டுக்காரருக்குப் பித்தப்பையில் கல் என்று வந்தது. வலி வந்தால் பட்டறைத் தரையில் சுருண்டுவிடுவார். உன் ஆஸ்பத்திரியில்தான் காட்டினோம். ஆபரேஷன் என்று முடிவாயிற்று. காலையில் வெறும் வயிற்றோடு வந்தால் போதும் என்றார்கள்.

என் நாத்தனாரை உனக்கு அதற்கு முன் தெரியாது. தாய் இல்லாத வீட்டில் தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்த அக்கா. அவர் சொன்னால் என் வீட்டுக்காரர் நிற்பார், உட்கார் என்றால் உட்காருவார். வயிற்றுக் கோளாறுக்கு மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். ஆபரேஷன் அன்று விடியற்காலையில், சேலம் போகிற வழியிலேயே கோயிலில் காரை நிறுத்தச் சொன்னார். இவரை மண்டபத்தில் மல்லாக்கப் படுக்கவைத்து, வயிற்றின் மேல் ஈரத்துணியும் வாழையிலையும் போட்டு, பச்சரிசி மாவும் வெல்லமும் பிசைந்த விளக்கை அதன் மேல் வைத்து, நெய் ஊற்றி ஏற்றினார். இவர் மூச்சு விட விட விளக்கு ஏறி இறங்கியது. பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு கும்பிட்டேன். திரி அணைந்ததும் நாத்தனார் மாவைப் பிட்டு முதலில் தம்பி வாயில் நிறையப் போட்டார். விளக்கு யார் வயிற்றில் எரிந்ததோ அவர்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும், அதுதான் முறை. அப்புறம் எனக்குக் கொடுத்தார். நானும் வாங்கிப் போட்டுக்கொண்டேன். ஈட்டுக்கு இத்தனை சொல் படித்தவளுக்கு, அங்கே யாரோ எதையோ தின்கிறார்கள் என்று தோன்றவே இல்லை. பிரசாதம் எந்தச் சொல்லுக்குள்ளும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். "சாப்பிடவே இல்லீங்க" என்றார் இவர். நானும் பக்கத்தில் நின்று, "நேத்துப் பொழுதோட உண்டதுங்க, அப்பறம் பச்சைத்தண்ணி பல்லுல படல" என்று சாட்சி சொன்னேன். பிறகு நீ வந்தாய். தெரிந்தவள் என்பதற்காக ஒரு கேள்வியைக்கூடக் குறைக்கவில்லை. உண்டீங்களாவிலிருந்து வெத்தலை வரை அத்தனையும் கேட்டாய். எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று இவர் மனசாரச் சொன்னார். கடைசியாக வயிற்றை மருந்து வைத்துத் துடைக்கப் பஞ்சோடு குனிந்தாய். குனிந்தவள் அப்படியே நின்றாய்.

தொப்புளுக்குப் பக்கத்தில் மாவு ஒட்டியிருந்தது. விரலால் தொட்டு மோந்து பார்த்தாய். "மாவிளக்கு எடுத்தீங்களாண்ணா?"

"ஆமாங்க சிஸ்டர். வயித்துக்காக."

"அந்த மாவு எங்கீங்க?"

"அம்மனுக்குப் போட்டுட்டு, எனக்குக் கொஞ்சம்... அது பிரசாதமுங்க."

"கொஞ்சம்னா?"

இவர் உள்ளங்கையைக் குழித்துக் காட்டினார். நீ என்னைப் பார்த்தாய். என் தொண்டைக்குள் வெல்லம் அப்போதுதான் கசந்தது.

நீ போய் மயக்க மருந்து டாக்டரிடம் சொன்னாய். ஆபரேஷன் மறுநாள் காலைக்குத் தள்ளிப்போனது. நாத்தனாருக்கு வந்த கோபத்தை வார்டே பார்த்தது. "நல்ல நேரம் பாத்துக் கூட்டியாந்திருக்கறேன். அம்மன் மாவு உள்ள போனா உசுருக்கு ஆவாதுன்னு சொல்றயா அம்மிணி? வாய்க்கு வந்ததப் பேசாத. எந்திரி தம்பி, ஈரோட்டுக்குப் போலாம். அங்க இன்னிக்கே செய்வாங்க." இவர் எழுந்து சட்டையை மாட்டத் தொடங்கிவிட்டார். அக்கா சொல்லித் தட்டியதில்லை. ஈரோட்டிலும் இதையேதான் கேட்பார்கள், இவரும் இதையேதான் மனசாரச் சொல்வார் என்று எனக்குத் தெரிந்தது. அங்கே நீ இருக்கமாட்டாய். "வேண்டாங்க" என்று நான் சொன்னது நாத்தனார் காதில் விழவே இல்லை. தம்பி உயிர் அவர் கையில் இருப்பதாக அவர் நம்பினார். உண்மையில் இருந்தது.

நீ வாதாடவில்லை. மூச்சுக்குழாய், நுரையீரல் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பக்கத்தில் போய், "அக்கா, மாவு மீதி இருக்குதுங்களா? எனக்கொரு வாய் குடுங்க" என்று யூனிஃபார்மோடு இரண்டு கையையும் ஏந்தி நின்றாய். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கேட்டவளுக்குப் பிரசாதம் இல்லை என்று சொல்ல முடியுமா? பையைத் திறந்து கொடுத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டாய். மென்று முழுங்கும்வரை எல்லோரும் உன் வாயையே பார்த்தோம்.

அப்புறம் சொன்னாய்: "அம்மன் இப்பத்தானுங்க அண்ணன் வயித்துக்குள்ள போயிருக்கறா. அவ உள்ள இருக்கறப்பவே அந்த வயித்துல கத்தி வெக்கலாமுங்களா? செரிச்சு ஒடம்புல சேரட்டுமுங்க. நாளைக்குக் காத்தால வெச்சுக்கலாம்."

நாத்தனார் உன்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "அதுஞ் செரிதான்" என்றார். தம்பி பக்கம் திரும்பி, "என்ன பாத்துட்டு நிக்கற? சட்டையக் கழட்டு" என்று அதட்டினார்.

அன்று முற்பகலில் இவருக்கு மறுபடி வலி வந்தது. கட்டிலில் துடித்தார். நீ முதுகைப் பிடித்துக்கொண்டு தட்டை ஏந்தினாய். வாந்தி எடுத்தார். மாவு, போட்டது போட்டபடி, வெல்ல நிறத்தில் தட்டில் கிடந்தது. உள்ளே போய் இத்தனை நேரமாகியும் அது எங்கும் போகவில்லை. அந்த நேரத்துக்கு இவர் தியேட்டருக்குள் மயங்கிக் கிடந்திருப்பார். நாத்தனார் தட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். நீ இவர் வாயைத் துடைத்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். இன்னொருத்தியாக இருந்தால், பார்த்தீங்களா என்று ஒரு வார்த்தையாவது கேட்டிருப்பாள். நானாக இருந்தால் ஒரு பாடமே எடுத்திருப்பேன்.

மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான் திரும்பவும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய நாளில், பஸ்ஸில் உன் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். அழுகையும் வந்தது. "அழுவாத புள்ள, கண்டக்டர் பாக்கறாரு. டிக்கெட்டு எடுக்காம மாட்டிக்கிட்டேன்னு நெனப்பாரு" என்றாய். கொஞ்ச தூரம் போனதும் நான் கேட்டேன், "அக்காகிட்ட அன்னிக்கு நடிச்சியா?" உனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நடிப்பா? எம்பையனுக்கு அம்மை போட்டப்ப நானுந்தான் மாவிளக்கு வெச்சேன். அம்மனும் எனக்கு வேணும், மயக்க டாக்டரும் வேணும். ரெண்டு பேரையும் சண்டை மூட்டாம அனுப்பி வெக்கறதுதான் என்ற வேலை." அதைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். காகாபாளையம் தாண்டித்தான் பொரி நீட்டினாய்.

அதற்குப் பிறகும் சில வருஷம் எனக்கு உன் பக்கத்து சீட்டு கிடைத்தது. போன மழைக்காலத்தில் ஒரு காலை நீ மகுடஞ்சாவடியில் ஏறவில்லை. லீவு போட்டிருப்பாய் என்று நினைத்தேன். நெஞ்சுவலியாம். உன் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோயும் பயனில்லையாம். உன்னைப் பார்க்க வந்தபோது கூடவே நாத்தனாரும் வந்தார். உன் கால்மாட்டில் நின்று, "என்ற தம்பியக் குடுத்த சாமி" என்று அவர் அழுத அழுகையை, நீ இருந்தால் கிண்டல் செய்திருப்பாய். உன் வீட்டார் இது யார் என்று விசாரித்தார்கள். நீ எங்களைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அன்றுதான் தெரிந்தது. உனக்கு அது வேலை நாட்களில் ஒரு நாள், அவ்வளவுதான்.

நாத்தனாரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். எங்கள் ஒறம்பரையில், சொந்தபந்தத்தில், யார் ஆபரேஷனுக்குக் கிளம்பினாலும் இப்போது அவர்தான் வாசலில் மறிக்கிறார். உண்டியா, தின்னியா, குடிச்சியா என்று உன் கேள்விகளை ஒன்று விடாமல் கேட்கிறார். உன்னிடம் இல்லாத ஒன்றையும் சேர்த்திருக்கிறார்: "கோயல்ல ஏதாச்சும் வாயில போட்டயா?" மாவிளக்கு எடுப்பதை அவர் விடவில்லை. மாவை டப்பாவில் போட்டுத் தானே வைத்துக்கொள்கிறார். நோயாளி வீடு திரும்பி, டாக்டர் சரி என்ற பிறகுதான் மூடியைத் திறக்கிறார். அதுவரைக்கும் அம்மன் காத்திருப்பாள் என்கிறார்.

நானும் சும்மா இல்லை. ஈட் பாடம் வரும் ஆண்டெல்லாம் பிள்ளைகளிடம், விடிந்ததிலிருந்து வாய்க்குள் போன அத்தனையையும் சொல்லச் சொல்கிறேன். முதலில் ஒன்றுமில்லை என்பார்கள். பிறகு மிட்டாய் வரும், மாங்காய் வரும், பென்சில் முனைகூட வரும். நாளைக்கும் கேட்பேன். அவர்கள் வீட்டிலும் யாராவது ஒருநாள் அந்தக் கட்டிலில் படுக்கத்தானே போகிறார்கள்.

இதை எழுதும்போது என் வீட்டுக்காரர் உள்ளே உண்டுகொண்டிருக்கிறார். ரசத்தை அவர் உறிஞ்சுகிற சத்தம் முன்னறைக்கே கேட்கிறது. அப்பளத்தை நொறுக்குவது, விரலைச் சப்புவது, நடுவில் ஓர் ஏப்பம். கல்யாணமான நாளிலிருந்து இதற்காக அவரைத் திட்டாத நாள் இல்லை. இப்போது கதவைச் சாத்தாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது இந்தச் சத்தம்தான். இன்னும் கொஞ்சம் சோறு இருக்கிறதா என்று கூப்பிடுகிறார். இரு, போட்டுவிட்டு வருகிறேன்.